ஒரு நாள், ஓர் ஊர், ஒரு கேள்வி

"யூதர்களின் தொழுகைக்கூடத்துக்கு மரியன்னையின் பெயரை யார் வைத்தார்கள்?"

சென்ற ஆண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஸ்பெயின் தலைநகர் மட்ரிட்டில் ஒரு பருவம் படித்தேன். ஒரு சனிக்கிழமை இரவு, விடுதியில் பக்கத்து அறைத் தோழி என் கைப்பேசியில் இருந்த படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே இந்தக் கேள்வியைக் கேட்டார். படத்தில் இருந்தது டொலேடோ நகரின் சாந்தா மரியா லா பிளாங்கா. வெள்ளை அடித்த எண்கோணத் தூண்கள், குதிரை லாட வடிவில் வளைவுகள், நடுவில் சிரித்தபடி நான். 'பழைய யூதத் தொழுகைக்கூடம்' என்று நானே படத்தின்கீழ் எழுதியிருந்தேன். பெயரோ வெண்ணிற மரியன்னை என்று பொருள்படும் கத்தோலிக்கப் பெயர். அன்று காலையில்தான் அதற்குள் நின்றுவிட்டு வந்திருந்தேன். இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை?

காரணம் எளிது. அங்கு நான் இருந்தது பன்னிரண்டு நிமிடங்கள். அந்த நாளின் திட்டம் அப்படி.

நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து 'ஒரே நாளில் இரண்டு வரலாற்று நகரங்கள்' என்று விளம்பரப்படுத்தப்பட்ட தனியார் சுற்றுலா ஒன்றுக்குப் பணம் கட்டியிருந்தோம். எங்களுக்கென்று ஒரு கார், ஓட்டுநரே வழிகாட்டி. காலையில் டொலேடோ, மாலையில் செகோவியா. இரண்டுமே யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் உள்ள ஊர்கள். ஒரு நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்றால் எந்த மாணவருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் நாங்கள் நிலப்படத்தைப் பார்க்கவில்லை. டொலேடோ மட்ரிட்டுக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர். செகோவியா வடமேற்கே சுமார் 90 கிலோமீட்டர். தெற்கே போய், திரும்பி, மட்ரிட்டைக் கடந்து, மலைத்தொடரைத் தாண்டி வடக்கே போய், மீண்டும் திரும்ப வேண்டும். மொத்தம் 300 கிலோமீட்டருக்கும் மேல். ஏறத்தாழ நான்கு மணி நேரம் காரிலேயே போயிற்று. ஓட்டுநர் நல்ல மனிதர். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ஆனால் ஊருக்குள் வந்ததும் வாசலில் இறக்கிவிட்டு, "இத்தனை மணிக்கு இங்கே வந்துவிடுங்கள்" என்று சொல்வதைத் தவிர அவரால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. அவரும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர்தான்.

அன்று நான் எடுத்த படங்கள் நானூற்றுக்கும் மேல். சொல்லத் தெரிந்தவை நான்கு வரிகள்கூட இல்லை.

தோழி கேட்ட கேள்விக்கு இணையத்தில் விடை தேடினேன். பத்து வினாடிகளில் கிடைத்தது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கூடம் யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்டுத் தேவாலயமாக்கப்பட்டது. அதனால் அந்தப் பெயர். "ஓ, அப்படியா" என்றார் தோழி. கைப்பேசியை மூடிவிட்டோம்.

ஆனால் எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று வாரங்கள் கழித்து, அதே நண்பர்களை எப்படியோ சம்மதிக்க வைத்து, மீண்டும் டொலேடோவுக்குப் போனேன். இம்முறை கார் இல்லை. மட்ரிட்டின் அத்தோச்சா நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். செகோவியா இல்லை, வேறு எந்த ஊரும் இல்லை. எங்கள் நால்வருக்கு மட்டும் ஒரு வழிகாட்டி. அந்த ஊரிலேயே வாழும், முன்பு பள்ளியில் வரலாறு கற்பித்த அம்மையார்.

அந்த இரண்டாவது நாளை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். வரலாற்று நகரங்களுக்குப் போகும் மாணவர்கள் ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அந்தப் பணத்தை ஒரு நல்ல வழிகாட்டிக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. யார் நல்ல வழிகாட்டி? ஊரின் பெருமையோடு நிறுத்திக்கொள்ளாமல், அதன் சங்கடத்தையும் சொல்பவரே நல்ல வழிகாட்டி.

அந்த அம்மையார் எங்களைப் பேராலயத்துக்கு முதலில் அழைத்துச் செல்லவில்லை. ஊரின் வடக்கு வாசலுக்கு அருகில் இருக்கும் ஒரு சிறிய செங்கல் கட்டடத்துக்கு அழைத்துப் போனார். 999-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட பள்ளிவாசல் அது. உள்ளே ஒன்பது சிறு விதானங்கள்; ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. பின்பக்கம் கிறிஸ்துவ ஆட்சிக்காலத்தில் சேர்க்கப்பட்ட அரைவட்டப் பகுதி. இன்று அதன் பெயர் கிறிஸ்தோ டெ லா லூஸ், அதாவது ஒளியின் கிறிஸ்து. "இந்த ஊரில் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கட்டியவர் யார்? இப்போது வைத்திருப்பவர் யார்?" என்றார்.

பிறகு சாந்தா மரியா லா பிளாங்கா. உள்ளே நுழைந்ததும் அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் சும்மா நிற்கச் சொன்னார். அதன்பின் கேட்டார்: "இது கட்டப்பட்டபோது டொலேடோவை ஆண்டவர்கள் யார்?"

நான் தயங்காமல், "முஸ்லிம்கள்" என்றேன். வளைவுகளைப் பார்த்தால் வேறு என்ன சொல்லத் தோன்றும்?

தவறு. காஸ்டில் அரசர் ஆறாம் அல்போன்சோ 1085-இல் டொலேடோவைக் கைப்பற்றிவிட்டார். இந்தக் கூடம் எழுந்தது அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. அதாவது, கிறிஸ்துவ மன்னர் ஆண்ட ஊரில், யூதர்கள் தங்கள் வழிபாட்டுக்காக, முஸ்லிம்களின் கட்டடக்கலையில் கட்டிய இடம் அது. அதே காலத்தில் அந்த ஊரின் கிறிஸ்துவர்கள் பலர் தங்கள் சொத்துப் பத்திரங்களை அரபு மொழியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆட்சி மாறி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வரை அந்த வழக்கம் தொடர்ந்ததாம்.

"இந்த வளைவு முஸ்லிம்களுடையது, இந்தச் சிலுவை கிறிஸ்துவர்களுடையது என்று நாம் இன்று பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறோம். கட்டியவர்கள் தங்கள் ஊரில் நல்ல கட்டடம் எப்படி இருக்குமோ அப்படிக் கட்டினார்கள், அவ்வளவுதான்" என்றார் அவர்.

இணையத்தில் பத்து வினாடிகளில் கிடைத்த விடை பொய்யில்லை. ஆனால் அது என் கேள்வியை முடித்து வைத்தது. இவருடைய விளக்கம் அதைத் திறந்து வைத்தது.

மதிய வேளையில் ஒரு சிறு சதுக்கத்தில் அமர்ந்து, டொலேடோவின் புகழ்பெற்ற பாதாம் இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிச் சொன்னார். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து அறிஞர்கள் இந்த ஊரைத் தேடி வந்தார்கள். கிரேக்க அறிவியலும் அரபு அறிஞர்களின் நூல்களும் அப்போது அரபு மொழியில் இங்கே கிடைத்தன. இத்தாலியின் கிரெமோனாவிலிருந்து வந்த ஜெரார்டு, தாலமியின் வானியல் நூலான அல்மாஜெஸ்ட்டைத் தேடி வந்து, இங்கேயே தங்கி, எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை லத்தீனில் தந்தார். 'டொலேடோ மொழிபெயர்ப்பாளர் பள்ளி' என்று அழைத்தாலும், அது வகுப்பறையும் மணியும் உள்ள பள்ளிக்கூடம் அல்ல. பார்ப்பதற்கென்று ஒரு கட்டடம் கிடையாது. படம் எடுக்க முடியாத அந்த வரலாற்றை யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு.

அவர்கள் வேலை செய்த முறைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அரபு தெரிந்த ஒருவர், பெரும்பாலும் யூதர் அல்லது அரபு பேசும் கிறிஸ்துவர், நூலைப் படித்து அன்றாடப் பேச்சுமொழியில் வாய்மொழியாகச் சொல்வார். லத்தீன் தெரிந்த இன்னொருவர் அதைக் கேட்டு எழுதுவார். ஒரு நூலுக்கு இரண்டு பேர், மூன்று மொழிகள். பள்ளியில் மொழிபெயர்ப்பு என்பது எனக்குத் தேர்வுத்தாளில் சில மதிப்பெண்களுக்கான பகுதி மட்டுமே. ஒரு கண்டத்தின் கணிதமும் மருத்துவமும் இருமொழி தெரிந்தவர்களின் தோளில் ஏறி வந்திருக்கின்றன என்று எனக்கு அதுவரை தெரியாது.

இன்னொன்றும் சொன்னார். அல்குவாரிஸ்மியின் இயற்கணித நூலை இங்கிலாந்தைச் சேர்ந்த செஸ்டர் ராபர்ட் 1145-இல் லத்தீனில் மொழிபெயர்த்தார். 'அல்ஜீப்ரா' என்ற சொல்லே அந்த நூலின் தலைப்பிலிருந்து வந்தது. இந்திய எண்முறையை விளக்கிய அவருடைய மற்றொரு நூலும் அதே நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனது. ராபர்ட் அந்த வேலையைச் செய்த ஊர் எது தெரியுமா? செகோவியா! மூன்று வாரங்களுக்கு முன்பு நான் அங்கேதான் நின்றேன். சுண்ணாம்புக் காரை இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி ரோமானியர்கள் கட்டிய நீர்ப்பாலத்தின்கீழ் விதவிதமாகப் படம் எடுத்தேன். பள்ளியில் என்னைத் தூங்கவிடாத அல்ஜீப்ரா ஐரோப்பாவுக்குள் நுழைந்த வாசல்களில் அந்த ஊரும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை.

பிற்பகலில் நடை கனத்தது. எல் டிரான்சிட்டோ என்ற இன்னொரு யூதத் தொழுகைக்கூடத்துக்குப் போனோம். காஸ்டில் அரசர் பெத்ரோவின் பொருளாளராக இருந்த சாமுவேல் ஹா-லெவி 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டியது. சுவரெங்கும் நுணுக்கமான சுதை வேலைப்பாடு. அதில் எபிரேய எழுத்துகள், அரபு எழுத்துகள், காஸ்டில் அரசின் கோட்டையும் சிங்கமும் பொறித்த சின்னம். மூன்றும் ஒரே சுவரில். "ஆகா, எவ்வளவு அழகான நல்லிணக்கம்" என்று நான் சொல்லி வாயை மூடவில்லை.

"கட்டியவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லையே" என்றார் அம்மையார்.

கட்டி முடித்துச் சில ஆண்டுகளிலேயே அதே அரசர் அவரைக் கைது செய்தார். சித்திரவதையில் அவர் இறந்தார். 1391-இல் செவியாவில் தொடங்கிய யூத எதிர்ப்பு வன்செயல் டொலேடோ உட்படப் பல நகரங்களுக்குப் பரவியது. பலர் கொல்லப்பட்டார்கள், உயிருக்கு அஞ்சிப் பலர் மதம் மாறினார்கள். மாறியவர்களையும் விடவில்லை. 1449-இல் இதே டொலேடோவில் ஒரு வரிப் பிரச்சினை கலவரமாக வெடித்தது. அதைத் தொடர்ந்து, யூத வம்சத்திலிருந்து வந்த கிறிஸ்துவர்கள் நகரில் பொதுப் பதவி வகிக்கக்கூடாது என்று ஒரு சட்டம் எழுதப்பட்டது. நம்பிக்கையை மாற்றிக்கொண்டாலும் இரத்தத்தை மாற்ற முடியாது என்பது அதன் பொருள். 1492 மார்ச் 31-ஆம் தேதி, இசபெல்லா அரசியும் ஃபெர்டினாண்ட் அரசரும் யூதர்களுக்கு நான்கு மாதத் தவணை கொடுத்தார்கள்: மதம் மாறு, இல்லையேல் நாட்டைவிட்டுப் போ. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, முஸ்லிம்களாக இருந்து மதம் மாறியவர்களின் சந்ததியினரும் வெளியேற்றப்பட்டார்கள்.

டொலேடோவுக்கு 'மூன்று பண்பாடுகளின் நகரம்' என்று ஒரு பெயர் உண்டு. சுற்றுலாக் கையேடுகளில் பார்க்கலாம். என் பாடத்துக்கான படைப்பின் முதல் பக்கத்திலும் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். அம்மையார் சொன்னார்: "அது பொய் இல்லை. ஆனால் அது வாக்கியத்தின் முதல் பாதி. மற்றப் பாதியை நானும் சொல்லாவிட்டால் இங்கே வேறு யார் சொல்வார்கள்?"

அது அவருடைய சொந்த ஊர். ஊரின் பெருமையை விற்றுத்தான் அவருக்கு வருமானம். அப்படியிருந்தும் அதைச் சொன்னார்.

இதற்கு மறுப்புகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். முதலாவது, பணம். தனிப்பட்ட வழிகாட்டி என்றாலே வசதி படைத்தவர்களுக்கு என்று நினைக்கிறோம். ஆனால் எங்கள் கணக்கைச் சொல்கிறேன். இரண்டு ஊர்களுக்குக் காரில் போன முதல் நாளில் ஆளுக்கு ஆன செலவைவிட, ரயில் கட்டணமும் வழிகாட்டியின் கட்டணமும் சேர்ந்த இரண்டாவது நாளின் செலவு குறைவு. கார் வேண்டாம் என்றவுடனே செலவில் பெரும்பங்கு போய்விடுகிறது. நால்வர் பகிர்ந்தால் தாங்கக்கூடியதே. எல் டிரான்சிட்டோ இன்று அரசு அருங்காட்சியகம் என்பதால் வாரஇறுதியில் சில நேரங்களில் இலவசமாகவும் நுழையலாம், போவதற்குமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மறுப்பு: "எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே." இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசி நாம் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். "முஸ்லிம்கள்" என்று நான் உறுதியாகச் சொன்ன தவறான விடையைக் கைப்பேசி ஒருபோதும் திருத்தியிருக்காது. அதை நான் அதனிடம் கேட்டிருக்கவே மாட்டேன். நமக்குத் தெரியும் என்று நாம் நினைப்பதைத் திருத்த எதிரில் ஒரு மனிதர் வேண்டும்.

மூன்றாவது மறுப்பு சற்று வலுவானது. வழிகாட்டிகளும் கதை அளப்பார்கள். உண்மைதான். வெளியேற்றப்பட்ட யூதக் குடும்பங்கள் டொலேடோ வீட்டுச் சாவிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வைத்திருப்பதாக ஒரு கதை உண்டு. கேட்டாலே கண் கலங்கும். நாங்கள் அதைப் பற்றிக் கேட்டபோது அம்மையார், "சொல்லக் கேட்டிருக்கிறேன். சாவியைவிட எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது மொழி" என்றார். துருக்கியிலும் கிரேக்கத்திலும் குடியேறிய அந்த மக்கள் தாங்கள் கொண்டுபோன பழைய ஸ்பானிய மொழியை, லடினோ என்ற பெயரில், நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டில் பேசி வந்தார்கள். துரத்திய நாட்டின் மொழியையே தாய்மொழியாகக் காத்தவர்கள். 2015-இல் ஸ்பெயின் அவர்களுடைய சந்ததியினருக்குக் குடியுரிமை வழங்க ஒரு சட்டம் இயற்றியது. வெளியேற்றிய ஆணைக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே 523 ஆண்டுகள்.

ஆகவே வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை இடங்கள் காட்டுவார் என்று கேட்காதீர்கள். முன்கூட்டியே ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள். நான் அனுப்பியது, "இந்தக் கூடத்துக்கு மரியன்னையின் பெயர் எப்படி வந்தது?" என்ற ஒரே வரி. இருவருக்கு அனுப்பினேன். ஒருவர் விலைப்பட்டியல் அனுப்பினார். அம்மையார், "அதற்கு ஒரு நாள் ஆகும், வாருங்கள்" என்று எழுதினார். தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது.

கடைசியாக, நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூர் திரும்பியபின், மட்ரிட்டில் என்னுடன் படித்த ஒருவர் இங்கு வந்தார். தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு அழைத்துப் போனேன். ஒரே தெருவில் தியன் ஹொக் கெங் கோயில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா, அல் அப்ரார் பள்ளிவாசல். "பார், எங்கள் நல்லிணக்கம்" என்றேன். அவர் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டோம். பேருந்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது: நான் அவருக்கு வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் சொல்லியிருந்தேன்.

தொடக்கப்பள்ளியில் இன நல்லிணக்க நாளன்று நான் அணிந்த உடையும் தின்ற பலகாரமும் நன்றாக நினைவிருக்கின்றன. அந்த நாள் ஏன் ஜூலை 21 என்பது, அதாவது 1964-இல் அதே நாளில் இனக்கலவரம் மூண்டது என்பது, எனக்கு நெடுநாள் தேர்வுக்கான ஒரு தேதியாக மட்டுமே இருந்தது. ஆசிரியர்கள் சொல்லாமல் இல்லை. நான்தான் அழகான பாதியோடு நின்றுவிட்டேன். டொலேடோவின் சுவரில் மூன்று எழுத்துகளும் அருகருகே இருந்தன. அந்த எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. எழுதியவர்களின் சந்ததியினரால்தான் அங்கே இருக்க முடியவில்லை. கட்டடங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதை மட்டும் வைத்து மக்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

அந்த நண்பர் மீண்டும் டிசம்பரில் வருகிறார். இம்முறை தெலுக் ஆயருக்கு மட்டும் ஒரு நாள் முழுவதும் ஒதுக்கியிருக்கிறேன். அதற்குள் நான் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. நாகூர் எங்கே இருக்கிறது, அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்தவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்கப் போகிறேன்.